நெவேனா மாட்டிய பலகை

நெவேனா வென்றவற்றை அண்ணன் ரைச்சோ இந்த வரிசையில்தான் சொல்வார். பெண்களுக்கு வண்டி வராது என்று முடிவு கட்டியிருந்த அதிகாரியிடமிருந்து ஓட்டுநர் உரிமம். மேல்வீட்டுக்காரி போர்வைகளைத் தொங்கவிட்டு மறைத்திருந்த பால்கனி வெயில். பல் மருத்துவமனை வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தபடி, யாரும் சொல்லித்தராமல் கற்றுக்கொண்ட கணினி நிரல் எழுத்து. கடைசியாக, இணையத்தில் ஒரு பக்கத்தின் தலைமாட்டில் நான்கு வரி. குடும்பத்தில் மற்றவர்கள் அந்தக் கடைசியைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ரைச்சோவுக்கு அதுதான் பெரிது. முதலிலேயே சொன்னால் கேட்பவர் எழுந்து போய்விடுவார் என்பதால் கடைசியில் வைக்கிறார்.

'மாய்ஸ்டர்' என்று ஒரு கருவி. எழுதிய நிரலை எல்லாம் சேர்த்து, ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டிக் கொடுக்கும். தலைநகர் சோஃபியாவில் நாலைந்து பேர் சம்பளமில்லாமல் செய்து, உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தது. புதியவர்களுக்கான பக்கத்துக்கு அவர்கள் வைத்த தலைப்பு, 'ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள்'. நெவேனா ஒரு குளிர்காலம் முழுக்கத் தொடங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாவது படியிலேயே திரை சிவந்து நின்றுவிடும். தனக்கு மூளை போதாது என்று இரண்டு முறை விட்டுவிட்டாள்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்தப் படிக்கு வேறொரு சின்ன மென்பொருள் கணினியில் முன்பே இருக்கவேண்டும். செய்தவர்கள் எல்லோரிடமும் அது இருந்தது. என்றைக்கோ ஏற்றியதால் இருப்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. இணையத்தில் அந்தக் கருவியைப் பற்றிக் கேள்வி கேட்கும் இடத்தில் வாரம் தவறாமல் ஒரு புது ஆள் இதையே கேட்பான். "பக்கத்தைப் படி" என்று பதில் வரும். அந்த ஆள் மறுபடி வரமாட்டான். தன்னைப்போலவே அவனும் தன் மூளையை நொந்துகொண்டு போயிருப்பான் என்று நினைத்தால் நெவேனாவுக்குப் பொறுக்கவில்லை. 'இங்கே சிவப்பில் பிழை வரும். தவறு உங்களுடையது அல்ல' என்று தொடங்கி, எதை ஏற்றவேண்டும் என்பதையும் சேர்த்து நான்கு வரி எழுதி அனுப்பினாள். வேண்டாம் என்று உடனே திரும்பி வந்தது. அடுத்த முறையும் அப்படியே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரூசே நகரில் ரைச்சோ வீட்டுச் சமையலறையில், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா ஆறிக்கொண்டிருக்க, அந்தக் குழுவின் தலைவர் ஒக்னியான் கணினித் திரையில் வந்தார். கெட்டவர் இல்லை. கருவியைப் பெற்ற பிள்ளைபோல் பார்ப்பவர்.

"ஏம்மா, எங்க வீட்டு வாசல்லயே 'இங்க வழுக்கும்'னு பலகை மாட்டணுங்கிறீங்களே, நியாயமா?"

"வழுக்குதே சார்."

"அதான் அடுத்த பதிப்புல சரி பண்ணப்போறோமே."

"எப்போ?"

"தேதியெல்லாம் கேட்டா எப்படி? சும்மா செய்யற வேலை."

"அப்ப அதுவரைக்கும் பலகை இருக்கட்டும். நீங்க சரி பண்ணின அன்னிக்கு நானே வந்து கழட்டிடறேன்."

ரைச்சோவால் சும்மா இருக்க முடியவில்லை. "எங்க டிப்போலயும் ஒரு பஸ் கதவை அடுத்த மாசம் சரி பண்றோம்னாங்க. அப்ப எனக்குத் தலை நிறைய முடி!"

"யாரது?"

"எங்க அண்ணன். டிராலிபஸ் ஓட்டறாரு. கதவுன்னு ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாரு, கண்டுக்காதீங்க."

ஒக்னியான் சிரித்துவிட்டார். பிறகு குரல் மாறியது. "சரி, போடுங்க. ஆனா முதல் பக்கத்துல எழுதறவங்க சொந்தப் பேரைப் போடணும், அது விதி. 'கெட்டித்தயிர்' சொல்லிச்சுன்னு நாங்க பலகை மாட்ட முடியாது."

கெட்டித்தயிர் என்பது இணையத்தில் கேள்வி கேட்க நெவேனா வைத்துக்கொண்ட புனைபெயர். முட்டாள்தனமாக ஏதாவது கேட்டுவிட்டால் அது தயிரோடு போகட்டும் என்றுதான் வைத்தாள். இப்போது, இந்த இடத்தில் தடுக்கி விழுந்தவள் நான்தான் என்று ஊரறியச் சொல்லவேண்டும். பனிட்சாவை உதிர்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு துண்டுகூட வாய்க்குப் போகவில்லை.

"என்னடி, விட்டுடலாமா?" என்றார் ரைச்சோ.

"'தவறு உங்களுடையது அல்ல'ன்னு எழுதிட்டு நானே ஒளிஞ்சுக்கிட்டா, எவன்ணே நம்புவான்?"

அடுத்த பதிப்பு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பலகை இன்னும் தொங்குகிறது. புதியவர்களை எப்படி வரவேற்கவேண்டும் என்று ஒக்னியான் மாநாடுகளில் பேசும்போது, 'எங்கள் பலகை' என்று அதைத்தான் காட்டுகிறார். ரைச்சோ அவரைத் திருத்தப் போவதில்லை. வரிகளுக்குக் கீழே இருப்பதை யாரும் படித்துக்கொள்ளலாம்: நெவேனா கெர்கானோவா, 17 பிப்ரவரி 2019.