பணம் போட ரொம்பக் கஷ்டமான வழி

"யக்கா, இருக்கிறதுலயே கஷ்டமான வழி எது?"

போன மாதம் ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டு ஏசுபாதம் என் வாசலில் வந்து நின்று இப்படித்தான் கேட்டான். நல்லா இருக்கிற மனுஷன் கேட்கிற கேள்வியா இது? என் மனசு எங்கெங்கேயோ போய்த் திரும்பியது... என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே!

"எதுக்குடா வழி?"

"ரம்மி ஆப்புல காசு போடறதுக்கு."

உட்காரச் சொன்னேன். ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தேன். அவனுக்கு இல்லை, எனக்கு.

ஏசுபாதத்தைத் தெருவில் எல்லோரும் பாதம் என்றுதான் கூப்பிடுவோம். ஆம்பூரில் ஒரு டேனரியில், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலிலிருந்து முடி எடுக்கிற வேலை. மனைவி ஸ்டெல்லா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறாள். பாதம் குடிக்க மாட்டான், கடன் வாங்க மாட்டான். வீட்டுக்கு வந்தால் போனில் ரம்மி, அவ்வளவுதான். அதுவும் திருட்டுத்தனம் இல்லை. ஆதார் கொடுத்து, சட்டப்படி ஆடுகிறான். நடுராத்திரி ஆனால் ஆப்பே கடையைச் சாத்திக்கொள்கிறது.

அப்புறம் என்ன கஷ்டம்?

"இந்த மாசமும் சம்பளம் பாதியிலயே தீந்துபோச்சுன்னா ஸ்டெல்லா நேரா எங்க ஆபீசுக்கு வர்றாளாம். 'இவரு சம்பளத்த என் அக்கவுன்ட்ல போடுங்க'ன்னு எழுதிக் குடுக்கப் போறாளாம்" என்றான். "ஆபீஸ்ல ஒருத்தனுக்குத் தெரிஞ்சா போதும் யக்கா, டேனரி பூரா தெரியும். அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு உள்ள போறது?"

அப்படிச் செய்யக்கூடியவள்தான் ஸ்டெல்லா. அவளைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு மாதமாக அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

"அந்தப் பேஜாரு உனக்கு எதுக்கு? விட்டுத் தொலையேன்டா!"

தன் உள்ளங்கையை ஒரு தடவை மோந்து பார்த்தான். பிறகு சொன்னான்:

"பஸ்ல நான் ஏறுனா பக்கத்து சீட்டு காலி ஆய்டும். எவ்ளோ சோப்பு போட்டாலும் தொட்டி வாடை போகாது. ஆப்புல உக்காந்தா எங்கெங்கயோ இருக்கிற அஞ்சு பேரு, நான் சீட்டு எறக்கட்டும்னு காத்துக்கினு இருக்காங்க. அங்க யாருக்கும் என் மேல வாடை வராது யக்கா."

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எங்கேயோ காதில் விழுந்த ஒரு யோசனையை எடுத்து விட்டேன்.

"சரி, ஒரு நாளைக்கு இவ்ளோதான்னு ஆப்புலயே லிமிட் வைக்கலாமாமே?"

"வச்சேன். வச்சதும் நான்தான், ஏத்தினதும் நான்தான்."

"எங்கிட்ட எதுக்குடா வந்த? நான் இன்னாத்த கண்டேன்?"

"இந்தத் தெருவுலயே போன்ல காசு அனுப்ப பயப்படற ஒரே ஆளு நீதான். நூறு ரூபா அனுப்பிட்டு, 'வந்துச்சா, வந்துச்சா'ன்னு மூணு வாட்டி போன் பண்ற. அந்த பயத்துல எனக்குக் கொஞ்சம் குடு யக்கா!"

வாழ்க்கையில் முதல் தடவையாக என் பயத்தை ஒருவன் கைநீட்டிக் கேட்கிறான். இல்லை என்று சொல்ல மனசு வருமா?

இரண்டு பேரும் போனைத் திறந்து, பணம் போடுகிற பக்கத்தைப் பார்த்தோம். அடேயப்பா, எத்தனை வாசல்! யுபிஐ, கார்டு, நெட் பேங்கிங், வாலட்... நாலு பக்கமும் கதவு திறந்து வைத்து 'வாங்க, வாங்க' என்கிறார்கள்.

யுபிஐ? அதுதான் இத்தனை நாள் அவன் வழி. நாலைந்து தட்டு. மனசு யோசிப்பதற்குள் விரல் முடித்துவிடும். வாலட்? அதை நிரப்புவதும் இந்த யுபிஐதான். நெட் பேங்கிங்? பாஸ்வேர்டு மறந்து பேங்க் வாசலில் நிற்க வேண்டும். அவன் நின்றால் பரவாயில்லை, துணைக்கு நான் அல்லவா நிற்க வேண்டும்!

கார்டுதான் சரி என்று பட்டது. ஒவ்வொரு தடவையும் பதினாறு நம்பர் அடிக்கணும். தேதி அடிக்கணும். பின்னால் இருக்கிற மூன்று நம்பர் அடிக்கணும். அப்புறம் ஓடிபி வரணும். 'இந்தக் கார்டை ஞாபகம் வச்சிக்கட்டுமா?' என்று ஆப் அன்பாகக் கேட்கும். வேண்டாம் தாயே என்று சொல்லிவிடணும்.

போனிலிருந்து யுபிஐயைக் கழற்றினோம். அதைத் திரும்பப் போடவும் கார்டு நம்பர் வேண்டுமாம். ஆக, எல்லாவற்றுக்கும் சாவி அந்தக் கார்டுதான்.

"அத நீயே வச்சிக்கோ. சம்பளத்தன்னிக்கி வாங்கினு போய் ஏடிஎம்ல வீட்டுக்குக் காசு எடுத்துக் குடுத்துட்டு, திரும்பக் கொண்டாந்துடறேன்" என்றான்.

கார்டு என்னிடம், ஓடிபி அவனிடம். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். நல்ல ஏற்பாடு, இல்லையா?

அவனுக்கு நல்ல ஏற்பாடு. எனக்கு?

கார்டை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று பேங்கிலிருந்து மெசேஜ் மேல் மெசேஜ் வருகிறது. நான் ஊரான் கார்டை வீட்டில் வைத்திருக்கிறேன்! போலீஸ் வந்தால் என்ன சொல்வது? எலி கடித்தால்? அரிசி டிரம்மில் வைத்தேன், பீரோவில் வைத்தேன், பைபிளுக்குள் வைத்தேன். தினமும் மதியம் அவனுக்குப் போன் போட்டு, "பாதம், கார்டு பத்திரமா இருக்குப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நானே மறந்தாலும் நீ மறக்க விடமாட்ட போலக்குது" என்பான்.

டீக்கடையில் அவன் சில்லறை எண்ணுவதைப் பார்த்து தோஸ்துகள் ஓட்டினார்களாம். "இன்னா பாதம், போன்ல காசு கம்மியா? உண்டி உடைச்சிட்டியா?" பாதம் இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

போன வாரம் சனிக்கிழமை வந்தான். உட்காரவில்லை.

"யக்கா, கார்ட குடு. ஒரே வாட்டி. ஏழு மணிக்கு ஒரு டோர்னமென்ட்டு."

மாதக் கடைசி. பால்காரருக்குக் கொடுக்க வேண்டியதும் பிள்ளையின் டியூஷன் காசும்தான் அந்த அக்கவுன்டில் மிச்சம். அது போனால் திங்கள்கிழமை ஸ்டெல்லா ஆபீஸ் வாசலில். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என்ன செய்வது? அவன் கார்டு, அவன் காசு. 'மாட்டேன்' என்று சொல்ல நான் யார்? பைபிளைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

நின்றுகொண்டே அடிக்க ஆரம்பித்தான். சுண்ணாம்பில் ஊறி ஊறி அவன் விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய் வெடித்திருக்கிறது. ரேஷன் கடை மெஷினே அவன் ரேகையை ஒப்புக்கொள்வதில்லை, ஸ்டெல்லாதான் போய்க் கை வைப்பாள். நாலு நம்பர் பின் என்றால் எப்படியோ அழுத்திவிடுவான். பதினாறு? ஒன்று விழவில்லை, ஒன்று இரண்டு தடவை விழுந்தது. தப்பு. மறுபடி அடித்தான். மறுபடி தப்பு.

போனை என்னிடம் நீட்டினான்.

"நீயே அடிச்சுக் குடு யக்கா."

கண்ணாடி தேடினேன். நாலு நம்பர் அடித்தேன். சரிதானா என்று கார்டைப் பார்த்தேன். அவனைப் படிக்கச் சொல்லி இன்னொரு தடவை பார்த்தேன். அடுத்த நாலு. மூன்றா எட்டா என்று விளக்குப் பக்கம் கொண்டுபோனேன். தேதி அடிக்கும்போது பக்கம் மூடிக்கொண்டது... நேரம் முடிந்துவிட்டதாம். முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி மூடிக்கொண்டது.

"வேணும்னே பண்றியா?"

"கர்த்தர் மேல ஆணையா இல்லடா! கேஸ் சிலிண்டர் புக் பண்ணாலும் நான் இப்படித்தான்."

என் முகத்தை உற்றுப் பார்த்தான். என்ன தெரிந்ததோ, பொசுக்கென்று சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது டோர்னமென்ட் ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் உட்கார்ந்தான். டீ போட்டேன்.

என்னவோ பேச ஆரம்பித்தான். முடி இருக்கும்போது எல்லாத் தோலும் ஒரே மாதிரிதானாம். முடி போன பிறகுதான் தெரியுமாம், முள்வேலி எங்கே கிழித்தது, உண்ணி எங்கே கடித்தது, சாட்டை எங்கே விழுந்தது என்று. "பாவம் யக்கா, சிலது முதுகு பூரா கோடு" என்றான். எத்தனை வருஷப் பழக்கம், அவன் வேலையைப் பற்றி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கும் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது.

வாசலில் ஸ்டெல்லா வந்து நின்றாள். கார்டு என்னிடம் இருப்பது தெரிந்தவள், அவனை வீட்டில் காணோம் என்றதும் ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"கார்ட வாங்கினியா?"

"வாங்கினேன்."

"போட்டியா?"

"யக்கா எங்க போட வுட்டுச்சு!"

"நான் எப்படா வுடல?" என்று கத்தினேன்.

ஸ்டெல்லா அவன் போனை வாங்கிப் பார்த்தாள். அக்கவுன்டில் காசு அப்படியே இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் டீயை எடுத்துக் குடித்தாள்.

ஒன்று சொல்லட்டுமா? பாதம் திருந்திவிட்டான் என்றெல்லாம் நான் எழுத மாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையே கார்டு கேட்டு வந்தாலும் வருவான். ஆனால் நீங்களும் இப்படி ஆடுகிறவராக இருந்தால், எந்த வழியில் பணம் சீக்கிரம் போகும் என்று பார்க்காதீர்கள். எந்த வழியில் நடுவே ஒரு டீ குடிக்க நேரம் இருக்கிறது என்று பாருங்கள். ஆசைக்கும் விரலுக்கும் நடுவில் கொஞ்சம் தூரம் இருக்கட்டுமே!

கிளம்பும்போது ஸ்டெல்லா அவனிடம் சொன்னாள்: "ஆபீசுக்கு நான் வரல. ஆனா நீ தெனமும் வேலை வுட்டதும் யக்காகிட்ட வந்து உக்காந்து பேசிட்டு, அப்புறமா வூட்டுக்கு வா."

ஒரு கார்டைப் பத்திரமாக வைக்கவே இந்தப் பாடு... இப்போது ஆளையே என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறாள்!