ஏழு நாள் வரவில்லை என்று எழுதியவள் நான்

இதை எழுத வேண்டாம் என்று மூன்று பேர் எனக்குச் சொன்னார்கள். மூவரும் விசுவாசிகள். ஆண்டவர் செய்ததை மட்டும் சொல், மனுஷர் செய்ததை விட்டுவிடு என்றார்கள். மனுஷர் செய்ததை மறைத்துவிட்டால், ஆண்டவர் என்னை எதிலிருந்து தூக்கி எடுத்தார் என்று எப்படிச் சொல்வது? அதனால் முழுவதையும் எழுதுகிறேன். முதலில், நான் செய்ததை.

ஒரு பெண் தன் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் ஏழு நாளாக வேலைக்கு வரவில்லை, எங்கே போனாள் என்று தெரியவில்லை என்று அரசாங்கத்துக்குப் புகார் அனுப்பினேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் மூன்று மேஜைகள். நான் அதை நிரப்பிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து வந்து, "அக்கா, டீ போடறேன், உங்களுக்கும் வேணுமா?" என்று கேட்டாள். வேண்டும் என்றேன். குடித்தேன்.

என் பெயர் மெர்சி. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். பதினோரு வருடமாக அஜ்மானில் குடியிருக்கிறேன். தினமும் பஸ்ஸில் ஷார்ஜா போய், கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள் அலங்கார வேலை செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். ஊழியர்களின் வீசா, ஒப்பந்தம், லீவு, சம்பளப் பட்டியல் எல்லாம் என் மேஜையில்தான். என் கணவர் செல்வின் சைட்டில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேலையை இழந்தார். அன்று முதல் அவருடைய வீசாவும் எங்கள் இரண்டு பிள்ளைகளின் வீசாவும் என் வீசாவில்தான் தொங்கின. எனக்குப் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் கம்பெனி, அவர்களுக்கு ஸ்பான்சர் நான். எனக்கு வேலை போனால் நான்கு பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தவர் கம்பெனியின் மேனேஜர். பெயர் வேண்டாம். எங்கள் வெள்ளிக்கிழமை ஜெப ஐக்கியத்தில் பாட்டு நடத்துகிறவர். அங்கே அவர் எனக்கு அண்ணன், அலுவலகத்தில் சார். முதலாளி அரபுக்காரர், வருடத்துக்கு இரண்டு தடவை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மேனேஜர் வைத்ததுதான் சட்டம்.

சரிதா நேபாளத்துப் பெண். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் சிவில் படித்தவள். அங்கேயே தமிழ் கற்றுக்கொண்டாள். எங்கள் கம்பெனி அவளை எடுத்தபோது வீசாவில் 'ஆபீஸ் உதவியாளர்' என்று போட்டது. ஆறு மாதத்தில் இன்ஜினியர் என்று மாற்றித் தருவதாக மேனேஜர் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன். இரண்டு வருடம் ஆயிற்று. வரைபடம் அவள் போட்டாள், அளவு அவள் எடுத்தாள், சைட்டில் ஃபோர்மேன்களோடு அவள் மல்லுக்கட்டினாள். வீசா மாறவில்லை. இந்த ஊரில் நீங்கள் என்ன பட்டம் படித்திருந்தாலும், வீசாவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நீங்கள். அந்த வார்த்தை மாறாமல் காட்மாண்டுவில் இருக்கும் கணவரைக் கூப்பிட்டுக்கொள்ளவும் அவளால் முடியவில்லை. அவளுடைய பாஸ்போர்ட்டும் பட்டச் சான்றிதழும் மேனேஜர் அறை அலமாரியில் இருந்தன. பத்திரத்துக்காக என்பார்.

பிறகு துபாயில் ஒரு கம்பெனி அவளை இன்ஜினியராகவே எடுத்துக்கொள்ள முன்வந்தது. அவள் முறைப்படி ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் சிரித்துக்கொண்டே வாங்கினார். அந்த மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு நாள் என்னை உள்ளே கூப்பிட்டு, அவள் ஓடிப்போனதாகப் புகார் பதிவு செய்யச் சொன்னார். அப்படி ஒரு புகார் ஏறிவிட்டால் புதிய வீசா நின்றுவிடும்; பிடித்து ஊருக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். அவள் வெளியே உட்கார்ந்திருக்கிறாளே சார் என்றேன்.

"நாளையிலிருந்து உக்கார மாட்டா. உன் வீசா, உன் வீட்டுக்காரர் வீசா, பிள்ளைங்க ரெண்டு வீசா. யோசிச்சுக்கோ மெர்சி. நான் உன்னை வற்புறுத்தல."

நான் அதிகம் யோசிக்கவில்லை. கால் மணி நேரத்தில் முடித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வாட்ச்மேன் அவளை வாசலிலேயே நிறுத்தினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயிலில் அரை மணி நேரம் நின்று யாருக்கெல்லாமோ போன் செய்தாள். எனக்கும் செய்தாள். நான் எடுக்கவில்லை.

மூன்றாவது நாள் அவள் என் வீட்டுக்கே வந்தாள். எங்கள் தெருவில்தான் ஆறு பெண்களோடு ஒரு அறையில் கட்டில் வாடகைக்கு எடுத்திருந்தாள். துபாய் கம்பெனி அவள் விண்ணப்பம் நின்றுவிட்டதாகச் சொல்லிவிட்டது. யார் இப்படிச் செய்தார்கள் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். செல்வின் பக்கத்தில் இருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். தலையைக் குனிந்துகொண்டார். போகும்போது அவள் செருப்பைப் போட்டுக்கொண்டே, "நீங்க ஜெபம் பண்ணுவீங்கல்ல அக்கா. எனக்காகவும் பண்ணுங்க" என்றாள்.

அவள் நம் நம்பிக்கை உடையவள் அல்ல. ஆனாலும் கேட்டாள். நான் முழங்கால் போட்டேன். அவள் பெயரைச் சொன்னதும் வாய் அடைத்தது. பொய்யாகப் புகார் எழுதிய கையையே கூப்பிக்கொண்டு, அந்தப் புகாரை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று எப்படிக் கேட்பது? எழுந்துவிட்டேன். அப்படியே இரண்டு வாரம். சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன்.

இரண்டு வாரம் கழிந்த வெள்ளிக்கிழமை மேனேஜர் மேடையில் கண்ணை மூடிக் கண்ணீர் விட்டுப் பாடினார். கூட்டம் முடிந்ததும் ஐக்கியத் தலைவரிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார். பிறகு, அலுவலகக் காரியத்தை இங்கே கொண்டுவராதே, உனக்குச் சோறு போடுகிற கையைக் கடிக்காதே, பொறுமையாய் ஜெபித்துக்கொள் என்றார். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டம் நடக்கும் மண்டபத்துக்கு வாடகை யார் கட்டுகிறார் என்று எனக்கும் தெரியும்.

அன்று மாலை அஜ்மான் பஸ் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். அதுவரை நான் கேட்டதெல்லாம், ஆண்டவரே என் வேலையைக் காப்பாற்றும், அவளுக்கும் எப்படியாவது ஒரு வழி செய்யும், ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் செய்யும் என்பதுதான். அதை அன்று நிறுத்தினேன். எனக்கு வேறொன்றும் வேண்டாம், என் வாயைத் திறந்துவிடும் என்று மட்டும் கேட்டேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த பாகிஸ்தான்காரப் பட்டான் டிரைவர் தள்ளி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து, உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று செல்வினிடம் சொன்னேன். "ஊருக்குப் போனா போறோம். நீ தூங்கி எத்தன நாளாச்சு?" என்றார். அவ்வளவுதான்.

நேராகச் சரிதாவின் அறைக்குப் போனேன். புகாரை எழுதியது நான்தான் என்றேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. என்னை உள்ளே வரவும் சொல்லவில்லை.

"அன்னிக்கு நான் டீ வேணுமான்னு கேட்டப்போவா?"

ஆமாம் என்றேன். கதவைச் சாத்திவிட்டாள். நான் வெளியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து, தொழிலாளர் அலுவலகத்தில் தான் கொடுத்த மனுவுக்குச் செவ்வாய்க்கிழமை விசாரணை, வந்து இதை அவர்களிடம் சொல்ல முடியுமா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை போனேன். மேனேஜர் ஏற்கெனவே வந்து கோப்போடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், தனக்குச் சாட்சி சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துப் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். நான் சரிதா பக்கம் உட்கார்ந்தேன். அவர் முகம் மாறியது. குனிந்து தமிழில், "குடும்பத்தோட நாசமாப் போவ" என்றார். முந்தின வெள்ளிக்கிழமை ஆசீர்வாதம் கேட்டுப் பாடிய அதே வாய்.

விசாரித்தது ஒரு அரபுப் பெண் அதிகாரி. இந்தப் புகாரை யார் பதிவு செய்தது என்று கேட்டார். நான் என்றேன். உண்மையா என்றார். இல்லை, பொய், அவள் அந்த ஏழு நாளும் வேலைக்கு வந்தாள் என்றேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பொய்ப் புகார் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா என்றார். தெரியும் என்றேன்.

மேனேஜர் குறுக்கிட்டார். இவளுக்கும் எனக்கும் மனக்கசப்பு, அதனால் கதை கட்டுகிறாள், ஆதாரம் இருந்தால் காட்டட்டும் என்றார். என்னிடம் ஆதாரம் இல்லை. வருகைப் பதிவு மெஷினில் இருந்ததை அவர் எப்போதோ அழித்துவிட்டார்.

அப்போது அதிகாரி தன் கணினியைத் திருப்பி ஏதோ தேடினார். தேடிக்கொண்டே, அந்த மாதச் சம்பளப் பட்டியலை யார் அனுப்பியது என்று கேட்டார். அதுவும் நான்தான் என்றேன். சொல்லும்போதே அதில் நான் என்ன போட்டேன் என்று நினைவுக்கு வந்தது.

இங்கே மாதாமாதம் சம்பளம் போடும்போது, ஒவ்வொருவரும் எத்தனை நாள் வரவில்லை என்றும் அதே பட்டியலில் அரசாங்கத்துக்குப் போகும். புகார் எழுதிய அன்று பிற்பகலில்தான் அந்தப் பட்டியலையும் அனுப்பினேன். சரிதாவுக்கு ஏழு நாள் வரவில்லை என்று அதில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வேண்டுமென்றே செய்ததல்ல, அந்த அளவுக்கு எனக்கு அன்று தைரியம் கிடையாது. கை வழக்கம்போல் பூஜ்யம் என்று தட்டியிருக்கிறது. மேனேஜரும் பார்க்காமல் அனுமதித்திருக்கிறார். வரவில்லை என்று புகார் சொன்ன கம்பெனி, அதே நாளில், அவள் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தாள் என்று தானே எழுதிக் கொடுத்திருந்தது.

அதிகாரி திரையை மேனேஜர் பக்கம் திருப்பினார். இது உங்கள் கம்பெனி அனுப்பியதுதானே என்று மட்டும் கேட்டார்.

பிரியமானவர்களே, இங்கேதான் நான் நிற்கிறேன். பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்தது பல நாள் கழித்துத்தான். பதில் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்து அந்த அலுவலகத்துக் கணினியில் காத்திருந்தது. நான் பாவம் செய்த அதே நாளில், நான் பாவம் செய்த அதே நாற்காலியில் வைத்தே, ஆண்டவர் அவளுக்கு விடுதலையை எழுதி வைத்துவிட்டார். நான் வாயைத் திறக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

புகார் ரத்தானது. பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும் இரண்டு நாளில் திருப்பித் தரச் சொன்னார்கள். கம்பெனிக்கு அபராதம். என்னை எச்சரித்து அனுப்பினார்கள்.

என் வேலை மறுநாளே போனது. ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அன்றே எடுத்துவிட்டார்கள். தங்கள் குடும்ப வீசாவுக்கெல்லாம் என்னிடம் வழி கேட்டு வந்தவர்கள் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார்கள். மேனேஜர் இன்றும் அங்கே பாட்டு நடத்துகிறார்.

வீசா ரத்தானபின் கொடுக்கும் அவகாச நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்போது அஜ்மானில் அரசாங்க விண்ணப்பங்களை அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் காயல்பட்டினத்துக் காசிம் காக்கா கூப்பிட்டனுப்பினார்; அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்கள் கம்பெனியின் விண்ணப்பங்கள் பல வருடம் அவர் கடை வழியாகத்தான் போயின. போய் உட்கார்ந்ததும், அதிகாரி முன்னால் உன் பெயரைச் சொல்லி ஒப்புக்கொண்டாயாமே, உண்மையா என்றார். ஆமாம் என்றேன்.

"எங்கிட்ட வர்ற பேப்பர்ல பாதி பொய்யிம்மா. எது பொய்னு கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்ப ஒரு ஆளு வேணும். உனக்கு அது தெரியும்."

சம்பளம் முன்பைவிடக் குறைவு. பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினோம். ஆனால் நான்கு பேரின் வீசாவும் நின்றது. எனக்குக் கதவைச் சாத்தியவர்கள் என்னோடு பாடியவர்கள். திறந்தவர் தொழுகைக்குக் கடையடைத்துவிட்டுப் போகிறவர். இதை வாசித்து யாருக்காவது சங்கடமாக இருந்தால், இருக்கட்டும்.

சரிதா இப்போது துபாயில் இருக்கிறாள். அவளுடைய புதிய வீசாவில் சிவில் இன்ஜினியர் என்று இருக்கிறது. கணவரும் வந்துவிட்டார். ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில் இருவரையும் பார்த்தேன். மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இன்னும் மறக்கலக்கா. ஆனா நீங்க வந்தீங்க" என்றாள். அதற்கு மேல் அவளிடம் எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை.

மேனேஜருக்காகவும் ஜெபிக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான். அது மாற வேண்டும் என்றும் ஜெபிக்கிறேன்.

இந்த வளைகுடாவில் ஒவ்வொரு அலுவலகத்திலும் என்னைப்போல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் வீசாவைக் காட்டி இன்னொருவரின் வாழ்க்கையை அழிக்கச் சொல்வார்கள். பயமாகத்தான் இருக்கும்; எனக்கும் இருந்தது. நீங்கள் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தாலும் பரவாயில்லை. எழுந்து போய்ச் சொல்லுங்கள். நம் ஸ்பான்சர் யார் என்று அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்துவிடும்.