பனி கடைசியாக விலகிய இடம்

புனேயில், முளா ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்று, முதலாளியின் இடது ஷூவை முதலில் ஆற்றில் போட்டேன். மிதந்தது. வலது ஷூவை அதைக் குறிபார்த்து எறிந்தேன், படவில்லை. இரண்டும் ஆகாயத்தாமரைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டன. திரும்பிப் பார்க்காமல் சாங்வி பக்கம் நடந்தேன்.

மதியம் இரண்டு மணி இருக்கும். எனக்குப் பின்னால், ஔந்தில், குழந்தைகளுக்கான ஓர் அறிவியல் கூடத்தின் திறப்பு விழாச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. கூடத்தின் நடுவில் கண்ணாடி மேசைமேல் இருந்த மாதிரியை ஏழு மாதம் செய்தவன் நான். அன்று முதலாளி என்னை வாசலில் செருப்புப் பார்க்க உட்காரவைத்திருந்தார். உள்ளே புதுக் கம்பளமாம், எல்லோரும் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டுமாம். அவரும் என் முன்னால் கழற்றினார். “தொலைஞ்சிராம பாத்துக்க” என்றார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். கோவில்பட்டியில் தீப்பெட்டி, சூரத்தில் சாயம், நாசிக்கில் பிள்ளையார் சிலை என்று எங்கும் ஒரு வருஷத்துக்குமேல் நிற்காமல் புனே வந்து சேர்ந்தேன். சிலைப் பட்டறையில் பிளாஸ்டர் வார்க்கக் கற்றிருந்ததால் இந்த முதலாளியிடம் வேலை கிடைத்தது. இவர் குடும்பத்துக்குப் பூர்வீகம் பாளையங்கோட்டை. இரண்டு தலைமுறையாகக் கிர்க்கியில், ராணுவக் குடியிருப்பை ஒட்டி வாழ்ந்தவர்கள். அரசு வேலையில் வரைபடம் போட்டு ஓய்வுபெற்றபின், சாங்வியில் ஒரு தகரக் கொட்டகையில் பள்ளிக்கூடங்களுக்கு இருதயம், எரிமலை, சூரியக் குடும்பம் எல்லாம் செய்து விற்றார். ஊர்க்காரன் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். ஊர்க்காரன் என்பதாலேயே என்னை என்னவும் பேசலாம் என்றும் நினைத்துக்கொண்டார்.

அறிவியல் கூடம் கேட்டது சுவீடன் நாட்டை. ஒரு காலத்தில் அந்த நாடு முழுவதும் பனிக்கட்டிக்கு அடியில் கிடந்ததாம். புனேக்குப் பக்கத்துச் சிம்மகட் மலையை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நான்கு தடவை அடுக்கினால் வரும் உயரம். பிறகு பனி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்லப் பின்வாங்கி, ஏரிகளையும் சரளை மேடுகளையும் வீடளவு பாறைகளையும் விட்டுவிட்டுப் போனது. அதை முதலாளி புத்தகத்தைப் பார்த்து எனக்குச் சொன்னார். ஒன்றை மட்டும் இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். பாரம் போய் இவ்வளவு காலமான பிறகும், பனி அழுத்திவைத்த நிலம் இன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பிக்கொண்டிருக்கிறதாம். அதை நான் உடனே நம்பினேன்.

நிலத்தைப் பிளாஸ்டரில் வார்த்தேன். பனி இழுத்து வந்த பாறைகளுக்கு முளா ஆற்றுக் கறுப்புக் கல் சரிப்படாது என்று, சமையல் மேடைக்குக் கல் அறுக்கும் கடையில் சிவப்பு கிரானைட் சில்லுகளைப் பொறுக்கி வந்தேன். பனி, வெள்ளை ஃபைபரில் ஏழு துண்டுகள். எல்லாம் மேலே இருந்தால் நாடே கண்ணில் படாது. கொக்கியால் ஒவ்வொரு துண்டாகத் தூக்கத் தூக்க, பனி விலகிய விதம் தெரியும். எந்தத் துண்டை எப்போது தூக்குவது என்பதில்தான் மொத்த மாதிரியும் இருந்தது.

புத்தகத்தில் இருந்த ஆங்கிலம் எனக்குத் தெரியாது. எண் தெரியும். வரைபடத்தில் பனியின் விளிம்பு நின்ற இடங்களையெல்லாம் கோடு போட்டு, எத்தனை ஆண்டுகளுக்கு முன் என்று பக்கத்தில் எழுதியிருந்தார்கள். தெற்கு முனையில் பெரிய எண். வடக்கே போகப் போகக் குறைந்தது. ஆனால் உச்சிவரை நேராகக் குறையவில்லை. கோடுகள் உச்சியைச் சுற்றிக்கொண்டு திரும்பி, மேற்கே மலைகளின் பக்கம் ஒரு சின்ன வட்டமாக முடிந்தன. ஆகச் சின்ன எண் அங்கேதான் இருந்தது. முதலாளியோ மலைத் துண்டுக்கு ஆறு, உச்சித் துண்டுக்கு ஏழு என்று குறித்திருந்தார்.

“அண்ணாச்சி, ஆறும் ஏழும் மாறிக் கெடக்கு. உச்சி முன்னாடியே போயிருது. கடைசிப் பனி மலையோரத்துலதான் இருக்கு” என்றேன்.

அவர் புத்தகத்தை எடுக்கவில்லை. “ஏல, வடக்க போகப் போகக் குளிரா சூடா?”

“குளிருதான்.”

“அப்பம் கடைசில எங்க கெடக்கும்? நீ எப்பம்ல ஸ்வீடன் போயிட்டு வந்த?”

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அன்று பக்கத்து ஊரான சாகணிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் ஏதோ மாதிரி செய்யச் சொல்லி வந்திருந்தார்கள். முதலாளி என் மணிக்கட்டைப் பிடித்து, பிளாஸ்டர் காய்ந்து வெளுத்திருந்த கையை அவர்கள் பக்கம் தூக்கிக் காட்டினார். “ஹாத் இஸ்கா, திமாக் மேரா.” கை இவனுடையது, மூளை என்னுடையது. அவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்வரை கையை விடவில்லை.

துண்டுகளின் அடியில் எண்களைப் பெயிண்டில் எழுதச் சொல்லியிருந்தார். பெயிண்டைத் துடைத்து மாற்றிவிடலாம். நான் அவர் சொன்ன எண்களையே சிற்றுளியால் ஆழமாகக் கீறி, பள்ளத்தில் கறுப்பு அடைத்து, மேலே வார்னிஷ் பூசினேன். ஆறையும் ஏழையும் மற்றவற்றைவிட ஆழமாக. முதலாளி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “பக்கா வேல” என்றார். மாதிரியின் முன்னால் வைக்கத் தன் பெயர் போட்ட பித்தளைத் தகடு ஒன்றும் செய்யச் சொன்னார். அதையும் நன்றாகவே செய்தேன்.

கூடத்தைத் திறந்துவைக்க, பாறைகளைப் பற்றிப் பாடம் சொல்லும் ஒரு பேராசிரியர் வருகிறார் என்று தெரிந்ததும் நாள் எண்ண ஆரம்பித்தேன். அவர் முன்னால், அத்தனை பேர் முன்னால், இவர் கொக்கியைப் பிடித்தபடி நிற்க வேண்டும். பேராசிரியர் சிரிக்க வேண்டும். மற்றவர்களும் சிரிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். சுவீடன் எப்படிப் போனால் என்ன?

செருப்புகளுக்கு நடுவிலிருந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். முதலாளி ஒவ்வொரு துண்டாகத் தூக்கினார். ஆறாவதாக மலைத் துண்டைத் தூக்கியபோது எழுந்து நின்றுவிட்டேன். உச்சியில் ஒரே ஒரு வெள்ளைத் துண்டு, அது அப்போது இருந்திருக்கவே முடியாத இடத்தில் இருந்தது. பேராசிரியர் போட்டோ எடுப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி அதையும் தூக்கினார். பேராசிரியர் முதலில் கை தட்டினார், பிறகு எல்லோரும். முதலாளியின் தோளில் பொன்னாடை விழுந்தது. நான் ஷூக்களை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கொட்டகைக்குப் போனதும் சுத்தியலைத்தான் தேடினேன். சுவரோரம் ஏழு துண்டுகளின் அச்சுகளும் சாய்ந்து நின்றன. ஒன்றன்மேல் கையை வைத்த பிறகுதான் யோசனை வந்தது. அச்சை உடைத்தால் அவர் திரும்பவும் செய்வார். திரும்பச் செய்யும்போது ஒருவேளை புத்தகத்தைப் பார்ப்பார். பார்த்தால் சரியாகச் செய்துவிடுவார். அதற்கு நான் உதவ வேண்டுமா? சுத்தியலை இருந்த இடத்திலேயே வைத்தேன். என் பாய், இரண்டு சட்டை, உளி மூன்றையும் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். ராத்திரி கிர்க்கி ஸ்டேஷனில் படுத்தேன். பெஞ்சு காலியாக இருந்தது.

செருப்புக் காவலில் இருந்தபோது ஒன்றைக் கவனித்திருந்தேன். கூடத்தின் வாசலில் உதவியாள் தேவை என்று மராத்தியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பஸ் போர்டு பார்த்துப் பார்த்து அந்த எழுத்து எனக்குப் படிக்க வரும். காலையில் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு நேராக அங்கே போனேன்.

பொறுப்பில் இருந்தது நடுவயது மராத்திப் பெண்மணி. பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். நேற்று செருப்புப் பார்த்தவன்தானே என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். உன் முதலாளியின் ஷூ காணாமல் போய், சாக்ஸோடு ரிக்‌ஷாவில் போனாரே, தெரியுமா என்றார். கூட்டம் அதிகம் மேடம் என்றேன். அவர் சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டார். அந்த மனுஷனை அவருக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

வேலை எளிது. கூட்ட வேண்டும், துடைக்க வேண்டும், பார்க்க வருபவர்களுக்குப் பனியைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒரு தடவை தூக்கிக் காட்டு என்று கொக்கியைக் கொடுத்தார். ஒன்று முதல் ஐந்துவரை தூக்கினேன். பிறகு உச்சியைத் தூக்கி அடிப்பக்கம் தெரிய வைத்தேன். மலைத் துண்டு மட்டும் மேற்கில் மிச்சம் இருந்தது.

“உல்டா கியா” என்றார். தலைகீழாகச் செய்துவிட்டாய், ஏழு முதலில் வந்துவிட்டது, ஆறு இன்னும் இருக்கிறது.

எண்தான் தப்பு, வரிசை இதுதான் என்றேன். கண்ணாடி அலமாரியில் முதலாளி மாதிரிக்குப் பார்த்த அந்தப் புத்தகத்தையே அன்பளிப்பாக வைத்திருந்தார். அதை எடுக்கச் சொல்லி, அந்தப் பக்கத்தை நானே திருப்பிக் கொடுத்தேன். அவர் கோடுகளின்மேல் விரலை ஓட்டி எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சின்ன வட்டத்தில் விரல் நின்றது. பிறகு உச்சித் துண்டின் அடியில் இருந்த ஏழைத் தடவிப் பார்த்தார்.

“பெயிண்டென்றால் மாற்றிவிடலாம். இப்படிச் செதுக்கியா வைப்பார்கள்? யார் போட்ட நம்பர் இது?”

கொக்கி முனையால் பித்தளைத் தகட்டைக் காட்டினேன்.

இனி சரியான வரிசையில்தான் தூக்க வேண்டும், எண்ணில் பிழை இருக்கிறது என்று வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்லிவிட வேண்டும் என்றார். முதலாளி ஞாயிற்றுக்கிழமை மும்பையிலிருந்து யாரையோ மாதிரியைக் காட்ட அழைத்து வருகிறார், அவர்களுக்கும் சொல் என்றார். கட்டாயம் சொல்கிறேன் என்றேன். பத்து மணிக்கு முதல் பள்ளிக்கூடம் வருகிறது, அதற்குள் துடைத்து வை என்று ஒரு துணியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

நான் தகட்டிலிருந்து ஆரம்பித்தேன். பித்தளை ஒரே ராத்திரியில் கைரேகை பட்டு மங்கியிருந்தது. எச்சில் தொட்டு, அவர் பெயர் தூரத்திலிருந்தும் படிக்கத் தெரியும்வரை தேய்த்தேன்.