கடைசிவரைக்கும் காட்டுங்கோ

செத்தவீட்டில் படம் எடுப்பவருக்கு இருக்கக்கூடாத பழக்கம் ஒன்று எனக்கு இருக்கிறது. கமராவைக் கண்ணில் வைத்ததும் வாய் தன்பாட்டில், "கொஞ்சம் சிரிச்ச மாதிரி..." என்று தொடங்கிவிடும். கலியாண வீடுகளில் தொற்றியது. அதனால் செத்தவீட்டுக்குப் போகும் நாட்களில் வாய்க்குள் ஒரு கராம்பைப் போட்டுக்கொள்வேன். வாயில் ஏதாவது இருந்தால் கதை குறையும்.

புத்தூரில் நானும் கணவரும் ஸ்ரூடியோ வைத்திருக்கிறோம். அவர் வைத்திருக்கிறார், நான் கூடமாட நிற்கிறேன் என்றுதான் ஊர் சொல்லும். பட்டப்படிப்பை முடித்துவிட்டு அரசாங்க வேலைக்குக் காத்திருந்த காலத்தில் கலியாணமாகி, அவர் எடுத்த படங்களுக்குக் கணினியில் நிறம் திருத்தப் பழகி, பிறகு நானே எடுக்கவும் பழகிவிட்டேன். மகளுக்கு எட்டு மாதம். வேலைக்குப் போனால் பிள்ளையை விட்டுவிட்டு வந்தேனே என்றிருக்கும். வீட்டில் இருந்தால் அவரைத் தனியே அனுப்பினேனே என்றிருக்கும்.

அன்று காலை வந்த அழைப்பு பிரான்சிலிருந்து. நீர்வேலியில் தாய் இறந்துவிட்டார், தான் ஒரே மகன், விசா வழக்கு முடியவில்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போக ஏலாது என்று அந்தத் தம்பி ஒரே மூச்சில் சொன்னார்.

"படம் எல்லாம் பிறகு, அக்கா. எனக்கு நேரடியாக் காட்டுங்கோ. கொள்ளி வைக்கத்தான் குடுத்துவைக்கேல்லை. பாக்கவாவது வேணும். கடைசிவரைக்கும் காட்டுங்கோ."

"ஓம் தம்பி, காட்டுறம்," என்றேன்.

இந்த ஓம்தான் பிழை. செத்தவீடுகளுக்கு நாங்கள் இரண்டு பேருமாகத்தான் போவோம். சவப்பெட்டி வீதிக்கு ஏறியதும் நான் வாசல் கேற்றடியில் மற்றப் பெண்களோடு நின்றுவிடுவேன். அவர் கமராவோடு சுடலைக்குப் போவார். எத்தனையோ செத்தவீடுகளில் அப்படித் திரும்பியிருக்கிறேன், ஒருநாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை. அன்று கணவர் குருநகரில் ஒரு தேவாலயக் கலியாணத்துக்கு விடியவே போயிருந்தார் என்பது நினைவில் இருந்தது. பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்பது மட்டும், யாழ்ப்பாணத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, நினைவுக்கு வரவில்லை. அந்தத் தம்பிக்கும் வரவில்லை. ஸ்ரூடியோ என்றால் ஆம்பிளை வருவார் என்று நினைத்திருப்பார்.

மாமிக்குச் சொன்னேன். மாமி என்றால் கணவரின் தாய். பிள்ளையைப் பார்ப்பது அவர்தான்.

"பால் குடுக்கிற பிள்ளைத்தாய் செத்தவீட்டுக்குப் போறதே? நீர்வேலியிலை வேறை கமராக்காரர் இல்லையே?"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன், மாமி."

"சொன்னதை இல்லையெண்டு சொல்ல எவ்வளவு நேரம்?"

நான் கமராப் பையை அடுக்கினேன்.

"வந்து தலையிலை வார்த்துப்போட்டுத்தான் பிள்ளையைத் தொடவேணும். உந்தக் கமராவுக்கும் மஞ்சள் தண்ணி தெளிக்கவேணும்."

"பையிலை தெளியுங்கோ, மாமி. லென்ஸிலை படவேண்டாம்."

"ஏன், லென்ஸ் செத்தவீட்டைப் பாக்கேல்லையே?"

இதற்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதில் படிப்பிப்பதில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, கொடுத்தது நான் வரும்வரைக்கும் காணுமோ காணாதோ என்று யோசித்தபடி ஸ்கூட்டியை எடுத்தேன்.

நேரலைக்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. ஸ்ரூடியோ போனைத் தாங்கியில் பூட்டி, பெட்டியின் தலைமாட்டில் நிறுத்துவோம். அதே அழைப்பில் என் சொந்தப் போனும் சத்தமில்லாமல் இருக்கும். அந்தப் பக்கத்துக்கு என்ன தெரிகிறது என்று நான் அதில் பார்த்துக்கொள்வேன். திரையில் அந்தத் தம்பி தெரிந்தார். ஒடுக்கமான அறை, பின்னால் இரண்டு அடுக்குக் கட்டில், அங்கே இன்னும் விடிந்தும் விடியாத வெளிச்சம். அந்தக் குளிரில் வெறும் மேலோடு வேட்டி கட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தார்.

நான் போனை நிறுத்திக் கையை எடுக்கவில்லை, ஒரு பெண் அதற்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, என்னைத் தெரியுதே? கொம்மாவோடை வாழைத்தோட்டத்திலை ஒண்டா நிண்டனான்."

"ஓம், அன்ரி."

"சரியா மெலிஞ்சு போனாய். அங்கை சோறு கிடைக்கிறேல்லையே?"

அவருக்குப் பின்னால் இன்னொருவர். அங்கே குளிரா, எத்தனை மணி, தன் மகனும் அங்கேதான், எப்போதாவது கண்டதா. வரிசை நீண்டது. எனக்கு விசர் வந்தது. கராம்பை நன்றாகக் கடித்துக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் விலத்துங்கோ, அவருக்குத் தாயின்ரை முகம் தெரியேல்லையாம்," என்றேன்.

"நாங்களும் ஆக்கள்தானே, பிள்ளை. எங்களையும் அவன் பாக்கத்தானே வேணும்."

விலத்தி நின்றார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி வந்தார்கள். நான் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்றும் இருந்தது, இன்னும் கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டுமோ என்றும் இருந்தது.

அடுத்தது பெட்டியைச் சுற்றி நின்று எடுக்கும் படம். குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள், தலைமாட்டில் யார் என்பதில்தான் எப்போதும் பிரச்சினை. அன்றும் அந்தத் தம்பியின் பெரியப்பா, தகப்பன் பக்கத்து மூத்தவர்தான் தலைமாடு என்றார். எல்லா ஒழுங்கும் அவர் கையில்தான் இருந்தது. தாய்மாமன் விடவில்லை.

"அக்காவைத் தூக்கி வளர்த்த குடும்பம் நாங்கள். நாங்கள் கால்மாட்டிலையே நிக்கிறது?"

"அவ உனக்கு மூத்தவ. நீ எப்பிடியடா தூக்கினனி?" என்று கேட்டார் பெரியப்பா.

அழுதுகொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். நான் இருவரையும் தலைமாட்டின் இரண்டு பக்கமும் நிறுத்தி, ஒருவரை ஒருவர் பாராமல் கமராவைப் பார்க்கச் சொன்னேன்.

கிரியை முடிந்தது. பேரப்பிள்ளை முறையானவர்கள் பந்தம் பிடித்துச் சுற்றி வந்தார்கள், பெண்கள் வாய்க்கரிசி போட்டார்கள். மகன் அங்கே அறையில் ஒரு கோப்பைக்குள் இருந்த அரிசியை எடுத்து, போன் திரைக்கு நேரே பிடித்து, எங்கே போடுவது என்று தெரியாமல் திரும்பக் கோப்பைக்குள்ளேயே போட்டார். என் போனில் அதைப் பார்த்தது நான் மட்டும்தான்.

பறை வேகமெடுத்தது. பெட்டி தூக்கப்பட்டதும் ஸ்ரூடியோ போனைத் தாங்கியிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். கேற்றடியில் பெண்கள் நின்றார்கள். என் காலும் பழக்கத்தில் நின்றது. நின்ற பிறகுதான் விளங்கியது. கடைசிவரைக்கும் என்றால் சுடலை வரைக்கும்.

"என்னக்கா நிண்டிட்டீங்கள்?" என்றது போன்.

ஓரடி வெளியே வைத்தேன். பெரியப்பா கையைக் குறுக்கே நீட்டினார்.

"பிள்ளை, இதோடை நில்லும். பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்லை."

"நான் வேலைக்கு வந்தனான், ஐயா. அவருக்குக் காட்டவேணும்."

"வேலைக்கு வந்தாலும் பொம்பிளைதானே. உம்மடை மனிசன் எங்கை?"

கணவருக்குப் போன் அடித்தேன். "இஞ்சை கலியாணப் பொம்பிளை இப்பதான் வந்து இறங்குது. நான் இதை விட்டிட்டு எப்பிடி வாறது? நீர் பாத்துச் சமாளியும்," என்று வைத்துவிட்டார். சமாளியும் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும்.

"இதிலை என்ன கிடக்கு? கொண்டாரும், நான் பிடிக்கிறன்," என்று தாய்மாமன் போனைக் கேட்டார். அவரில் சாராய மணம் லேசாக இருந்தது. இருந்தாலும் ஒழுங்காகத்தான் நின்றார். இந்தப் பக்கத்தை முன்னுக்குப் பிடியுங்கோ, விரலால் மறையாதையுங்கோ, ஒன்றையும் அமத்தாதையுங்கோ என்று மூன்று தரம் சொன்னேன். "எனக்கும் போன் இருக்குது, பிள்ளை," என்று நடந்தார்.

பெட்டி வாழைத்தோட்டத்து மூலையில் திரும்பி மறைந்தது. எனக்கு ஒருபக்கம் பெரிய ஆறுதல். நானாக ஒன்றும் மீறவில்லை, மாமிக்கும் பதில் சொல்லலாம், என் வேலை முடிந்தது என்று மனம் நியாயம் அடுக்கத் தொடங்கியது. மார்பில் பால் சுரந்து சட்டை நனைந்திருந்தது. பிள்ளை அழுகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டே என் போனைப் பார்த்தேன்.

திரை நிறையத் தாய்மாமனின் நாடி. அதற்கு மேலே இரண்டு மூக்குத் துவாரம். பின்னால் வானம்.

நடக்க நடக்க நாடி ஆடியது. எதையோ அமத்திவிட்டார், கமரா அவர் பக்கம் திரும்பிவிட்டது. "மாமா, திருப்புங்கோ. மாமா," என்று அந்தத் தம்பி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பறைச் சத்தத்தில் மாமாவுக்குக் கேட்கவில்லை. நான் சத்தத்தைத் திறந்து கத்தினேன். அதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் தாய்மாமனுடைய சொந்தப் போனுக்கு அடித்தார், அது அவருடைய சட்டைப் பைக்குள் பாட்டுப் பாடுவது என் போனில் கேட்டது. அவருக்குத்தான் கேட்கவில்லை.

பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர்களுக்கும் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவரும் தம்முடைய தாயையோ புருஷனையோ கேற்றுக்கு அப்பால் பார்த்ததில்லை. இறந்தவரின் தங்கை, அந்தத் தம்பிக்குச் சின்னம்மா, கண்ணைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"உது ஆற்றை மூக்கு?"

"உங்கடை அண்ணற்றை."

"உவர் சின்னனிலையிருந்து உப்பிடித்தான். எங்கை படம் எடுத்தாலும் தான்தான் முன்னுக்கு."

ஒருத்தி அடக்க முடியாமல் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். சின்னம்மா சிரிக்கவில்லை. திரையின் மூலையில் சின்னச் சதுரத்துக்குள் தெரிந்த அக்காவின் மகனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தம்பி கூப்பிடுவதை நிறுத்திவிட்டிருந்தார். திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்து, தாய்மாமனின் தோளுக்குப் பின்னால் ஏதாவது தெரியுமா என்று தேடிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெரிய கமராவைத் தாரும்," என்றார் சின்னம்மா. "நான் வைச்சிருக்கிறன்."

கொடுத்தேன். ஸ்கூட்டிச் சாவி எப்படிக் கைக்கு வந்தது என்று தெரியாது.

வழி முழுவதும் எனக்குள் வழக்குத்தான். ஊர் முறையை மீறுவதற்கு நான் யார்? அவர்கள் வீட்டுச் சாவு, அவர்கள் சுடலை. பால் குடிக்கிற பிள்ளைக்கு ஏதாவது வந்தால் மாமி மட்டுமா, நானே என்னை விடமாட்டேன். திரும்பலாம் என்று இரண்டு இடத்தில் பிரேக் பிடித்தேன். ஆனால் ஓம் என்று சொன்னது நான். அந்த எரிச்சல்தான் ஸ்கூட்டியை ஓட்டியது என்று நினைக்கிறேன், துணிச்சல் இல்லை.

நான் போனபோது உடலைப் பெட்டியிலிருந்து எடுத்து விறகில் கிடத்தியிருந்தார்கள். நான் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் என் போனை உயர்த்திப் பிடித்தேன்.

"தம்பி, தெரியுதே?"

"தெரியுது, அக்கா. தெரியுது."

பெரியப்பா கிட்ட வந்தார். "சொன்னது விளங்கேல்லையே உமக்கு?"

நான் பதில் சொல்ல வாயைத் திறக்க, போன் முந்திக்கொண்டது. "பெரியப்பா, என்ரை அம்மாவை நான் மாமாவின்ரை மூக்குக்குள்ளாலையே பாக்கிறது?"

யாரோ இருமினார். தாய்மாமன் கையிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்தார், தன் முகத்தையே கண்டார், அழைப்பை வெட்டி அதை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கொள்ளி வைக்கிறவன் திரும்பிப் பாக்கப்படாது, மோனை," என்றார் பெரியப்பா. குரல் இறங்கியிருந்தது. "பிள்ளையள் உதுகளைப் பாக்கிறேல்லை."

"நான் வைக்கேல்லைத்தானே, பெரியப்பா. அப்ப நான் பாக்கலாம்."

பெரியப்பா காற்றுப் போகும் திசையைப் பார்த்துவிட்டு, "புகை அங்காலைதான் போகும். இஞ்சாலை வந்து நில்லும்," என்று எனக்கு இடம் காட்டினார்.

அந்தத் தம்பிக்குப் பதிலாகப் பெரியப்பாவின் மகன் குடத்தோடு சுற்றி வந்தார். குடம் உடைந்தது. அவர் விறகின் பக்கம் முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் நீட்டிக் கொள்ளியை வைத்தார். அப்படியே முன்னே நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பிப் பாராமல் நடந்தார்கள். சுடலையில் விறகு பார்க்கிறவரும் நானும் போனும் மட்டும் தீயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வாரும், பிள்ளை," என்று பெரியப்பா முன்னால் பார்த்தபடியே கூப்பிட்டார்.

"அழைப்பு நிக்கேல்லை, ஐயா."

தீ பிடித்து ஏறியது. கை வலித்தது, மற்றக் கையால் தாங்கினேன். திரையில் அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். திரும்பவும் பார்த்தார். காணும், நிப்பாட்டுங்கோ என்று சொல்லுவார் என்று நின்றேன். சொல்லவில்லை. கடைசி என்று அவர் சொன்னது எது, சாம்பல் வரைக்கும் நிற்க வேண்டுமோ, நானாகக் கேட்டால் அது எவ்வளவு பிழை என்று என் மூளை வழக்கம்போலச் சுற்றியது.

"அக்கா," என்றார்.

"சொல்லுங்கோ, தம்பி."

"அழைப்பை நீங்கள் வெட்டுங்கோ. என்னாலை ஏலாது."

உடனே வெட்டவில்லை. நினைத்துத்தான் சொன்னாரோ, துக்கத்தில் வந்துவிட்ட சொல்லோ, வெட்டிய பிறகு அந்த அறையில் அவர் என்ன செய்வார் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு நின்றேன். விறகு ஒன்று சரிந்தது. அவர் மறுபடியும், சத்தமில்லாமல், வாயை மட்டும் அசைத்து, "அக்கா" என்றார்.

சிவப்பு வட்டத்தில் விரலை வைத்தேன்.