மலையிறங்கி வந்த பிறகு ஒரு மல்லிச் செடி

செடி வாங்கப் போவதற்கு முன் ஒரு வாரம் நான் வெயிலைக் கவனித்தேன். திருப்பதியில் நாங்கள் கட்டிய வீட்டின் பின்னால், மதிலுக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவே சின்ன மண்தரை ஒன்று இருக்கிறது. கிழக்கே பக்கத்து வீட்டு மாடி நிற்பதால் காலை வெயில் அங்கே தாமதமாகத்தான் வரும். அது எங்கே விழுகிறது, எப்போது நகர்கிறது என்று மதிலில் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்தேன். வார முடிவில் தெரிந்தது இதுதான்: நெடுநேரம் வெயில் நிற்பது வடமேற்கு மூலையில் மட்டும். அந்த மூலை தக்காளிக்கு. அதை அடுத்துக் கத்திரி, மிளகாய். துவைக்கிற கல்லருகே எப்போதும் ஈரம், அங்கே புதினா. கறிவேப்பிலைக்கு வாசல் பக்கம்.

என் கணவரைக் கூட்டிப் போய் ஒவ்வொரு இடமாக நின்று காட்டினேன்.

"எல்லாம் சரி. பூ எங்க?" என்றார்.

"கீறதே இவ்ளோண்டு எடம். துன்ற பொருளுக்கே பத்தல."

"ஒரே ஒரு மல்லி."

"வேணாங்க."

அவருக்கு என்ன குறை என்று எனக்குத் தெரியும்.

கல்யாணமான மாதமே நான் திருமலைக்குப் போய்விட்டேன். அவருக்கு அங்கே வேலை, குடியிருக்கவும் வீடு. மலையில் பூவெல்லாம் சுவாமிக்கு. பெண்கள் தலையில் வைப்பதில்லை. விஜயபுரம் பக்கம் என் பிறந்த வீட்டில் நெல்லும் வேர்க்கடலையும் போக வரப்போரத்தில் கனகாம்பரம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கே தலை நிறையப் பூவோடு போனவள் நான். ஆனாலும் மலை வழக்கம் எனக்குச் சிரமமாகத் தோன்றவில்லை. சுவாமிக்கு விட்டுக்கொடுத்ததில் சின்னப் பெருமைகூட இருந்தது. சிரமம் வேறிடத்தில் இருந்தது. கல்யாணம், பண்டிகை என்று கீழே வந்தால் பூ வைத்துக்கொள்வேன். திரும்பும்போது மலையடிவாரத்தில், அலிபிரியில் சோதனைக்காகப் பஸ்ஸை நிறுத்துவார்கள். அங்கே இறங்கி, பூவை எடுத்து மரத்தடியில் வைத்துவிட்டு ஏறுவேன். அது வாடிக்கூட இருக்காது. சில வருடங்களில், கீழே வரும்போதும் வைப்பதை விட்டுவிட்டேன். எடுப்பதைவிட வைக்காமல் இருப்பது சுலபமாக இருந்தது.

அப்படியே இருபத்தாறு வருடம். அவர் ஓய்வு பெற்றதும் ஆவணியில் இந்த வீட்டுக்கு இறங்கி வந்தோம். முதல் வெள்ளிக்கிழமை அவர் ஒரு முழம் மல்லி வாங்கி வந்தார். கண்ணாடி முன்னால் நின்றேன். கை பின்னால் போகவில்லை. யாருடைய பொருளையோ எடுத்துக்கொள்வது போல இருந்தது. சுவாமி படத்துக்குப் போட்டேன். அடுத்த வெள்ளியும் அப்படியே. தலைவலி என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகக் காட்டிக்கொண்டார். அதன் பிறகு வாங்கி வரவில்லை. ஆனால் தெருவில் பூ வைத்த பெண் யாராவது போனால் அவர் பார்வை ஒருமுறை என் தலைக்கு வந்து போகும். பார்க்காதது போல நான் இருப்பேன்.

தை கடைசி ஞாயிறு, புத்தூர் சாலையில் இருக்கும் நர்சரிக்கு ஸ்கூட்டரில் போனோம். நடத்துகிறவள் முப்பதைத் தாண்டிய பெண். "ஏம் காவாலம்மா?" என்று தெலுங்கில் என்ன வேண்டும் எனக் கேட்கத் தொடங்கியவள், நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். சொந்த ஊர் நகரிப் பக்கமாம்.

நாற்று எடுப்பதில் எனக்கென்று சில முறைகள் உண்டு. உயரமானதை எடுக்க மாட்டேன். அது வெயிலுக்கு ஏங்கி நீண்டது. தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்க வேண்டும். இலையைத் திருப்பி அடியில் வெள்ளைப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பேன். பூவோ பிஞ்சோ வைத்த நாற்றைத் தொடவே மாட்டேன். சின்னப் பைக்குள் இருந்துகொண்டே பூக்கிற செடி, இனிமேல் தனக்கு இடம் கிடைக்காது என்று அவசரப்படுகிறது. இப்படித் தட்டுத் தட்டாக நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தாள்.

"இன்னாக்கா, பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறே! பல்லக்கூட எண்ணுவே போல."

"பின்ன? எங்க ஊட்டுக்கு மருமவளா வருது. பாக்க வேணாமா?"

"பாரு, பாரு. சீர் மட்டும் கேக்காத."

தக்காளியில் ஆறு, கத்திரியில் நான்கு, மிளகாயில் நான்கு எடுத்து வைத்தபோது என் கணவர் பூச்செடி வரிசையிலிருந்து வந்தார். இரண்டு கையாலும் ஒரு குண்டுமல்லியை ஏந்தியிருந்தார்.

"இத பாரு. எத்தினி மொட்டு!"

"மொட்டு வெச்சத வாங்கக்கூடாதுங்க. மண்ணு மாறினா கொட்டிடும்."

"உனுக்குப் பூக்காததுதான் புடிக்கும்" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். நர்சரிக்காரி கைகொட்டிச் சிரித்தாள். "அண்ணா போட்டாரு பாரு! நானும் பாத்துக்கினே கீறேன். தக்காளி, கத்திரி, மொளகா… தலைக்கு ஒண்ணும் எடுக்கலியேக்கா?"

"இருவத்தாறு வருசம் மலை மேல இருந்தோம்மா" என்று அவரே பதில் சொன்னார். "அங்க வெக்க மாட்டாங்க இல்ல? அந்தப் பழக்கம்."

"எறங்கி வந்து எவ்ளோ நாளாச்சி?"

"ஆறு மாசம் ஆவப்போவுது."

"அண்ணா பஸ்ல வந்துட்டாரு. அக்கா இன்னும் படியில எறங்கிக்கினு கீறாங்க போல!"

நானும் சிரித்தேன். ஆனால் காது சுட்டது. பேச்சை முடிக்க, மூலிகைத் தொட்டிகளின் பக்கம் நகர்ந்தேன். புதினா ஒன்று, ஓமவல்லி ஒன்று, துளசி ஒன்று. அடுத்ததாக மருவு இருந்தது. ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தேன். பிறந்த வீட்டில் கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது என்று இடையிடையே இதைத்தான் வைத்துக் கட்டுவோம். எடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. எடுத்துக் கூடையில் வைத்திருந்தேன்.

"இதுவும் தலைக்கு வெக்கறதுதான?" என்றார் பின்னாலிருந்து.

"இது இலைங்க. பூ இல்ல."

"ஆமாமா. இலைதான்" என்று மிகவும் பொறுப்பாகத் தலையாட்டினார். நர்சரிக்காரி சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மல்லியை அவர் கீழே வைக்கவேயில்லை. "இது உனுக்கு இல்ல. நான் பாக்கறதுக்கு" என்று சொல்லி ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கும் நடுவே நிறுத்திக்கொண்டார். ஏறும்முன் அதன் பையை அழுத்திப் பார்த்தேன். கோதாவரிப் பக்கத்திலிருந்து லாரியில் வந்த செடி. வேரைச் சுற்றி ஒட்டுக் களிமண், செங்கல் போல இறுகியிருந்தது. அதை அப்படியே நட்டால் நம் செம்மண்ணுக்குள் வேர் வராது. சொல்ல வாயெடுத்தேன். பூக்காததுதான் பிடிக்கும் என்றது இன்னும் காதில் இருந்ததால் சொல்லவில்லை.

தக்காளி வெயில் மூலைக்குப் போனது. மல்லி ஒரு தொட்டியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், நிழலில் நின்றது. அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு காலைக் காபியை அதன் எதிரில் குடிக்க ஆரம்பித்தார். வாரம் முடிவதற்குள் மொட்டெல்லாம் விரியாமலே கொட்டியது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். துவைக்கும்போது அவை பழுப்பாக என் கையில் வந்தன.

அவருக்குத் தெரிந்த வைத்தியம் தண்ணீர். இரண்டு வேளையும் ஊற்றினார். இலை மஞ்சளானது. ஒரு நாள் சமையலறை ஜன்னல் வழியே கேட்டேன், செடியிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். "லேவம்மா, லேய்" என்று, தூங்குகிற குழந்தையை எழுப்புவது போல.

"அதுகிட்ட இன்னாத்துக்குத் தெலுங்கு?"

"கோதாவரிக்காரி. தமிழ் புரியாது அதுக்கு."

சிரித்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினேன். சிரிப்பு நிலைக்கவில்லை. அந்தச் செடி செத்தால் அவர் இனி பூவைப் பற்றி என்னிடம் கேட்கவே மாட்டார் என்று தோன்றியது. இத்தனை மாதமாக அவர் கேட்பதைத்தான் நான் தவிர்த்து வந்தேன். கேட்காமல் போய்விடுவாரோ என்று நினைத்ததும் எனக்கு அது தாங்கவில்லை.

மறுநாள் அவர் தன் அக்காவைப் பார்க்கச் சித்தூர் போயிருந்தார். தொட்டியைக் கவிழ்த்து மல்லியை எடுத்தேன். வேரைச் சுற்றியிருந்த களிமண் உருண்டை அப்படியே வந்தது. ஒரு வேர்கூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை. பக்கெட் தண்ணீரில் ஊறவைத்து, விரலால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தேன். அழுகிய வேரை வெட்டினேன். கிளைகளைப் பாதிக்குக் குறைத்தேன். மதியத்துக்கு மேல் அவர் திரும்பி வந்தபோது, செடி மொட்டை மொட்டையாக, வேர் தெரிய பக்கெட்டில் நின்றது.

"இன்னாமே பண்ணி வெச்சிருக்கே! கொஞ்சம் உசிரு இருந்துது…"

"குளிப்பாட்டறேன். கிட்ட வராதீங்க."

"குளிப்பாட்டறியா, காரியம் பண்றியா?"

நான் வெயில் மூலைக்குப் போய், இரண்டு தக்காளிச் செடியை மண்ணோடு பெயர்த்துக் கத்திரிக்குப் பக்கத்தில் நட்டேன். அந்த இடத்தில் குழியெடுத்து, செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து மல்லியை நட்டு, ஈரச் சாக்கால் நிழல் கட்டினேன். அவர் சாக்கட்டிக் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அது தக்காளி எடமாச்சே?"

"தக்காளி மார்க்கெட்ல கெடைக்கும்."

"மல்லியும்தான் கெடைக்கும்" என்றார் மெதுவாக.

நான் சாக்கின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினேன்.

பத்து நாள் கழித்துச் சாக்கை எடுத்தேன். பங்குனியில் அடியிலிருந்து துளிர் வந்தது. தக்காளி காய்த்து ரசத்துக்கு வந்தது. இடம் மாற்றிய இரண்டும் கொஞ்சம் சுணங்கித்தான் காய்த்தன. தண்ணீர் ஊற்றும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவருக்குப் பேச மட்டும் அனுமதி. மருவு தொட்டி நிறையப் புதராகியிருந்தது. ஒரு நாள் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். அவர் செய்தித்தாளை மடித்துவிட்டு என்னையே பார்த்தார். குளிக்கப் போய்க் கொண்டையை அவிழ்த்தபோது ஒரு மருவுக் கொழுந்து தரையில் விழுந்தது. எப்போது கிள்ளினேன், எப்போது செருகினேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. எதையும் குறித்து வைக்கிற பழக்கம் உள்ளவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. இலைதானே என்று சொல்லிக்கொண்டேன்.

வைகாசியில் மல்லி மொட்டு வைத்தது. முதல் நாள் பூவை, அது ஒரு கைப்பிடிகூட இல்லை, சுவாமி படத்தருகே வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. தரையில் உட்கார்ந்து, நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டிக் கட்டினேன். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நடுவே ஒரு மருவு. விரல் எதையும் மறந்திருக்கவில்லை. ஒரு சாண் நீளம் வந்தது.

கண்ணாடி முன் நின்றேன். கை தோள் வரை போய் நின்றுகொண்டது.

"இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். "நீங்களே வெச்சி வுடுங்க."

"நானா? எனுக்கு இன்னா தெரியும்?"

மலைமேல் குடும்பம் நடத்திய மனிதருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? வேட்டியில் இரண்டு முறை கையைத் துடைத்துக்கொண்டார். சரத்தை ஒரு கையிலும் கொண்டை ஊசியை மறு கையிலும் வாங்கிக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார்.

"எந்தப் பக்கம்?"

"நடுவுல. ஊசியப் பல்லுல கடிச்சித் தொறங்க."

"பல்லு செட்டு புதுசுமே. ஒடைஞ்சா நீ கட்டித் தருவியா?"

ஊசி கீழே விழுந்தது. தேடி எடுத்தார். மறுபடி செருகியபோது ஒரு முடி இழுத்து வலித்தது, நான் அசையவில்லை.

"தலையெல்லாம் நரைச்சிப்போச்சி. வெள்ளப் பூ வெளியில தெரியவா போவுது?" என்றேன்.

"எனுக்குத் தெரியுது."

பூவின் ஈரம் பின்கழுத்தில் பட்டது. கண்ணாடியில் அவர் முகம் தெரியவில்லை, என் தோளுக்குப் பின்னால் குனிந்திருந்தார்.

"ஆச்சா?"

"இரு" என்றார்.

இருந்தேன்.