பன்னிரண்டு கல்வம், பதின்மூன்று இலை

வெள்ளைப் பட்டை உரியும் பிர்ச் மரத்தை நான் பார்த்ததே இல்லை. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், இமயமலைச் சரிவிலிருந்து அதன் காய்ந்த இலைகள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தன. மொத்தம் நூற்றுப் பத்தொன்பது உறைகள். மரத்துக்கு ஒரு இலை.

ஆராய்ச்சி செய்தவள் மார்த்தாண்டத்துக்காரி. அந்த மரங்களுக்கு மரபணுக் குறிகள் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய மூன்று வருஷ வேலை. டிஎன்ஏயில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. ஒரு மரத்தில் பன்னிரண்டு தடவை வந்தால் இன்னொன்றில் பதினேழு தடவை வரும். அதை வைத்து எந்த மரம் எதற்கு உறவு என்று சொல்லிவிடலாம். எண்ணுகிற வேலை என்பதால் எனக்குப் பிடித்துப்போயிற்று.

இலை அரைப்பது என் பொறுப்பு. கல்வம் என்கிற சின்ன அரைகல்லில் இலையைப் போட்டுத் திரவ நைட்ரஜன் ஊற்றினால் வெள்ளைப் புகை மேசையிலிருந்து வழிந்து காலைச் சுற்றும். வெளியே வலியசாலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டிருக்கும். நான் முழங்கால் வரை மேகத்தில் நின்று, வெள்ளைப் பட்டை மரங்களுக்கு நடுவே எங்கோ போய்க்கொண்டிருப்பேன். திரும்பி வரும்போது இலை பொடியாகியிருக்கும்.

எங்களிடம் இருந்தவை பன்னிரண்டு கல்வங்கள். நாளுக்குப் பன்னிரண்டு இலை, பிறகு எல்லாவற்றையும் கழுவ வேண்டும்; ஒன்றின் பொடி மற்றொன்றில் கலந்தால் கணக்கே தப்பும். ஐந்தாம் நாள் நைட்ரஜன் கொஞ்சம் மிஞ்சியது. ஆவியாகிப் போகிறதே என்ற பதைப்பில், கடைசிக் கல்வத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டு அறுபத்தொன்றாவது இலையையும் அரைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவள் மரபணுக் கோடுகள் விழுந்த படத்தை விரித்தாள்.

"பாருங்க சாரே, எல்லா மரத்துலயும் மூணு கோடு, நாலு கோடு. தாய்க்கு ஒண்ணு, தகப்பனுக்கு ஒண்ணுன்னு ரெண்டுதானே வரணும்? எல்லாம் கலந்து போச்சு. இனி இத சங்குமுகம் கடல்ல கொண்டு கொட்டலாம்."

"ஒண்ணு சொல்லணும், கோச்சுக்காதேம்மா," என்று கல்வக் கதையைச் சொன்னேன்.

"ஒரு தடவதானா?"

"எனக்குத் தெரிஞ்சு ஒரு தடவை."

"தெரியாம?"

அந்தப் புகைக்குள் என் கை என்ன செய்தது என்று நான் எப்படிச் சத்தியம் செய்வேன்?

மறுநாள் சில உறைகளில் மிச்சமிருந்த இலைத் துண்டுகளில் மூன்றை எடுத்து, புதுக் குழாய்களில் அவளே அரைத்தாள். என்னை மேசைப் பக்கம் வரவிடவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து தரை ஓடுகளை எண்ணினேன். நாற்பத்தெட்டு. மறுபடி எண்ணினால் நாற்பத்தேழு.

மாலையில் கதவைத் திறந்தாள். "இதுலயும் நாலு கோடு சாரே! இந்த மரம் எல்லாத்தையும் நாலு பிரதியா வச்சிருக்கு. பழைய கட்டுரைகள வாசிச்சும் பாத்துட்டேன். நம்மதான் ரெண்டுன்னு பிடிவாதமா இருந்தோம். உங்க கையக் குத்தம் சொல்லாண்டாம்."

"அறுபத்தொண்ணு?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தேடினாள். அதில் ஐந்து கோடு இருந்தது. உறையில் இலை மிச்சமில்லை.

"ஒரு மரந்தானே, விடுங்க," என்று பட்டியலில் அதை அடித்தாள்.

அவளுடைய கட்டுரையில் நூற்றுப் பதினெட்டு மரங்கள் இருக்கின்றன. இலை கொடுத்தவை நூற்றுப் பத்தொன்பது.