ஒன்பது அடிக்குப் பிறகும் கேட்ட மணி

ஃபௌலாசி கடவுள் படைத்த தீவு இல்லை. எங்கள் முன்னோர் கடலடியிலிருந்து பவளக்கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, காயல் நடுவே குவித்துக் கட்டிய மேடு. முப்பது குடும்பம் அதன்மேல் வாழ்ந்தது. பெரும்புயல் வந்து பாதி வீடுகளை வாரிக்கொண்டு போனபின், எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு எதிரே இருந்த மலாய்த்தாப் பெருந்தீவின் கரைக்குக் குடிபோனார்கள். கெசியா மட்டும் போகவில்லை.

அவள் புருஷன் மேலியாவு முப்பத்தொரு வருஷம் அந்தத் தீவின் கோயில்பிள்ளையாக இருந்தவர். காலியான காஸ் சிலிண்டர் ஒன்றைக் கம்பத்தில் தொங்கவிட்டு, சாயங்கால ஜெபத்துக்கு இரும்புத் துண்டால் அடிப்பார்; அதுதான் மணி. மூன்று அடி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று, மறுபடி மூன்று. மழை இறங்கினால் காயலில் கரையும் தெரியாது, பாறையும் தெரியாது. தோணியில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம்தான் வழி. புயலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள் வலை போடப் போனவர் திரும்பவில்லை. தோணி வந்தது, ஆள் வரவில்லை. புதைக்க உடம்பு இல்லை, போய் அழ ஒரு கல்லறை இல்லை. கெசியா இரும்பைக் கையில் எடுத்தாள். அன்றிலிருந்து மணி அவள் பொறுப்பு.

சனிக்கிழமைதோறும் மேலியாவுவின் தங்கை தொர்க்கா கிழங்கும் தேங்காயும் கொண்டு வருவாள். வாயும் கூடவே வரும்.

"இன்னும் இந்தக் கல்லுமேலயே குந்திக்கிட்டு இருக்கியா அண்ணி? கடல்காக்கா கூட கரைக்குப் போயிடுச்சு."

"காக்காவுக்கு மணி அடிக்கத் தெரியாதுடி."

"ஹொனியாரா பட்டணத்துல மகன் இருக்கான், கூப்பிடுறான். போயேன்."

"போனா நீ யாரை வையுவே?"

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அப்புறம்தான் அந்தக் குரல் வந்தது.

ஒரு மத்தியானம், மேற்கு ஓரத்தில், தோணி கட்டும் கம்பத்தடியில், கல்லிடுக்கிலிருந்து வந்தது. "கயிறு தளர்ந்திருக்கு பாரு. இழுத்துக் கட்டு." மேலியாவுவின் குரல்தான். அதே கரகரப்பு, அதே அவசரம். கெசியா கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாளிலிருந்து அந்த இடத்தில் இரண்டு தட்டு வைத்தாள். குரல் பழைய கதை எல்லாம் பேசியது. கல்யாணத்தன்று தோணி கவிழ்ந்ததைச் சொல்லிச் சிரித்தது. வீட்டுக்குள் ஒரு வருஷமாக மனுஷச் சிரிப்புக் கேட்காதவளுக்கு அது போதாதா?

அது மேலியாவு இல்லை என்று இரண்டாவது நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதை ஒளிக்க வேண்டியதில்லை, தெரிந்துதான் இருந்தது. மேலியாவு ஒரு பாக்கைக்கூட ஜெபம் சொல்லாமல் வாயில் போடமாட்டார். கண்ணை மூடி அவர் நிற்கிற நேரத்தில் தொர்க்கா கிண்டல் செய்வாள்: "சீக்கிரம் ஆமென் சொல்லுண்ணா, பாக்கு ஆறிப்போகுது." இந்தக் குரலோ தட்டு வைத்தவுடன் பேச ஆரம்பித்தது. இயேசுவின் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஜெபம் பண்ணுங்கள் என்று கெசியா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் போய்விடும் என்று பயந்தாள்.

பழைய ஆட்களுக்கு அது என்னவென்று தெரியும். கிழக்கு முனையில் மண்டையோடுகளை வைத்துப் பன்றி அறுத்த காலத்தில், சுறாவின் உடம்பில் வந்து தீனி வாங்கிப்போன ஆவி அது. சிலுவை வந்தபின் பட்டினியாகக் கல்லடியில் கிடந்தது.

அது ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. "தொர்க்காவுக்கு என் வலைமேல கண்ணு. கிழங்கு சும்மா கொண்டுவர்றான்னு நினைக்கிறியா?" என்றது. அந்தச் சனிக்கிழமை கெசியா தொர்க்காவைத் தோணியிலிருந்து இறங்கவே விடவில்லை.

"என்ன அண்ணி, மூஞ்சி இப்படி இருக்கு? புளிச்ச மீனைத் தின்னியா?"

"வலை வேணும்னா நேரா கேளு. கிழங்கைக் காட்டி ஏமாத்தாதே."

தொர்க்கா வாயடைத்துப் போனாள். அது அவளுக்குப் பழக்கமே இல்லை. கிழங்கைக் கல்லில் வைத்துவிட்டுத் தோணியைத் திருப்பினாள். மூன்று சனிக்கிழமை வரவில்லை. "ஞாயித்துக்கிழமை கரைக்குப் போகாதே, அங்க உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க" என்றது குரல். கெசியா நற்கருணைக்கும் போகவில்லை. அந்த உலகத்தில் இப்போது அவளும் அதுவும்தான்.

நான்காவது சனிக்கிழமை பொழுது சாயும் முன்பே வானம் கறுத்தது. மழை மலையிலிருந்து இறங்கிக் காயலை மூடியது. கெசியா இரும்பை எடுக்க எழுந்தாள்.

"உட்காரு," என்றது குரல், ரொம்ப அன்பாக. "இந்த மழையில யாரு வரப்போறாங்க? மணி ஒரு நாள் சும்மா இருக்கட்டும். என்கூடச் சாப்பிடு."

கெசியா நின்றாள். தட்டில் மீன் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மணி. இன்னொரு பக்கம், இந்த உலகத்தில் அவளோடு பேசுகிற ஒரே குரல்.

"சாப்பிடலாம்," என்றாள். "முதல்ல நீங்க ஜெபம் சொல்லுங்க."

தண்ணீர் சட்டென்று அடங்கியது. கல்லிடுக்கிலிருந்து பழைய ரத்தத்தின் நாற்றம் எழுந்தது. குரல் அவள் அம்மாவினுடையதாக மாறியது, பிறகு மகனுடையதாக, பிறகு யாருடையதும் இல்லாததாக.

"முப்பத்தொரு வருஷம் மணி அடிச்சானே. உன் கடவுள் அவனைக் கரை சேர்த்தாரா? எலும்பாவது தந்தாரா? நான்தானே உன்கிட்ட பேசினேன்? நான் போயிட்டா உனக்கு யாரு இருக்கா?"

 

"எனக்குத் தெரியாது," என்றாள். "நீ ஜெபம் சொல்லு."

அது அலறியது. அவள் கம்பத்துக்கு ஓடினாள். காலடியில் கற்கள் புரண்டன. கை ஈயம்போல் கனத்தது. மூன்று அடித்தாள். மூச்சு வாங்கியது. மறுபடி மூன்று. கடைசி மூன்றை இயேசுவே, இயேசுவே, இயேசுவே என்று கத்திக்கொண்டே அடித்தாள். ஒன்பதாவது அடியில் இரும்பு கையிலிருந்து வழுக்கிக் கடலுக்குள் போயிற்று. அதற்குமேல் அடிக்க அவளிடம் எதுவும் இல்லை. கம்பத்தில் சாய்ந்து குந்தி, மழையின் இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து ஒரு துடுப்பு கல்லில் இடித்தது.

"போதும் அண்ணி, நிறுத்து! காது கிழியுது!" சொட்டச் சொட்ட நனைந்தபடி தொர்க்கா ஏறி வந்தாள். "சமாதானமாப் போகலாம்னு புறப்பட்டேன். பாறைக்கு ரெண்டு முழத்துல திரும்பினேன். நீ மட்டும் விடாம அடிக்கலேன்னா இந்நேரம் மீனுக்குத் தீனி. எம்மாம் நேரம் அடிப்பே? கை என்ன தேக்கா?"

"எம்மாம் நேரம் கேட்டுது?"

"கரை தாண்டினதுலேருந்து இப்ப இறங்குற வரைக்கும்."

கெசியா தன் வெறுங்கையைப் பார்த்தாள். 

தொர்க்காவின் கண் தட்டுகள்மேல் விழுந்தது. "ரெண்டு தட்டு யாருக்கு?"

"உங்க அண்ணனுக்குன்னு வெச்சேன்."

"வந்தாரா?"

"வரல."

இரண்டாவது தட்டைக் கெசியா கடலில் கொட்டினாள். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, தன் பங்கில் பாதியை அதில் வைத்துத் தொர்க்காவிடம் நீட்டினாள். வலையைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டாள். தொர்க்கா அழுதாள், வைதாள், சாப்பிட்டாள். காலையில் போய்விட்டாள். அவளுக்கும் வீடு, பன்றி, பேரப்பிள்ளைகள் இருக்கின்றன.

மறுநாள் சாயங்காலம் கெசியா ஒரு கருங்கல்லால் மணி அடித்தாள். ஒன்பது அடித்து நிறுத்தினாள். சத்தமும் நின்றது. முந்தின நாள் ஒன்பதுக்குப் பிறகும் அடித்தது யார்? மேலியாவு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆசைதான். ஒரு தடவை ஏமாந்தவள். அதனால் சொல்லவில்லை. ஆண்டவர் யாரை அனுப்பினாரோ அவர் என்று விட்டுவிட்டாள்.

பிறகு மேற்கு ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். கல்லிடுக்கில் தண்ணீர் வந்துபோகிற சத்தம் மட்டும் இருந்தது. பொய்யாக இருந்தாலும் அந்தக் குரல் பேசிக்கொண்டிருந்தது. அது இல்லாத குறை பெரிதாகவே இருந்தது. மடியிலிருந்து ஒரு பாக்கை எடுத்தாள். கண்ணை மூடி, மேலியாவு சொல்கிற அளவு நீளமாகவே ஜெபம் சொன்னாள். சீக்கிரம் ஆமென் சொல்லு என்று அவசரப்படுத்த அங்கே யாரும் இல்லை.